பல்கலைக்கழகத்தின் ஆங்கில எழுத்துப் பரீட்சை: மனப்பாடக் கட்டுரை ஏன் உதவாது?

வெட்டுப்புள்ளிகள் வெளியாகி, பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம் என்பது தெரிந்துவிட்டால் எமது ஊர்களில் பெற்றோர் ஒரு பெரும் பாரம் இறங்கியதாக உணர்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ், அது சந்தோஷமான விடயம்தான். ஆனால் பதிவு முடிந்த கையோடு இன்னொரு பரீட்சை காத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. புதிய மாணவர்களை எந்த ஆங்கில வகுப்பில் அமர்த்துவது என்று தீர்மானிப்பதற்காகப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பரீட்சை அது. மாணவர்கள் அதனை ‘பிளேஸ்மென்ட் டெஸ்ட்’ என்கிறார்கள்.

நான் ஓர் ஆங்கிலப் போதனாசிரியர். கிழக்கு மாகாணத்தில் பல வருடங்களாக இந்த விடைத்தாள்களைத் திருத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில், இப்பரீட்சைக்கு எமது பிள்ளைகள் தயாராகும் விதம் பற்றிச் சில விடயங்களை விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதில் சித்தி, சித்தியின்மை என்று ஒன்றும் இல்லை. இதில் குறைந்த புள்ளி எடுத்தால் பல்கலைக்கழக அனுமதி பறிபோகாது. இசட் புள்ளியோடும் இதற்குத் தொடர்பில்லை. உங்களுக்கு எவ்வளவு ஆங்கிலம் எழுத வருகிறது, எங்கிருந்து கற்பிக்கத் தொடங்க வேண்டும் என்பதை அறியவே இப்பரீட்சை. இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது யாரும் அடுத்தவரின் இரத்தத்தைக் கடன் வாங்கிக்கொண்டு போவதில்லை. ஆனால் இந்தப் பரீட்சைக்கு நமது பிள்ளைகள் அடுத்தவர் எழுதிய கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இதனை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ‘பிளேஸ்மென்ட் கைட்’ என்ற பெயரில் இருபது, முப்பது கட்டுரைகள் கொண்ட போட்டோ கொப்பிகள் விற்கப்படுகின்றன. வட்ஸ்அப் குழுமங்களிலும் அவை சுற்றுகின்றன. ‘ஆங்கிலத்தின் முக்கியத்துவம்’, ‘சூழல் மாசடைதல்’, ‘கையடக்கத் தொலைபேசியின் நன்மை தீமைகள்’ ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்கும். ஒரே மண்டபத்தில் எழுதிய பதினைந்து, இருபது விடைத்தாள்களில் ஒரே முதல் வசனம் வரும்போது திருத்துபவருக்கு எதுவும் விளங்காமலிருக்காது.

‘உங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையைப் பற்றி எழுதுக’ என்று ஒருமுறை கேட்கப்பட்டது. பெரும்பாலானோர் உலகம் முழுவதும் சூழல் மாசடைவதைப் பற்றி எழுதியிருந்தனர். ஓசோன் படை வந்தது, துருவப் பனி உருகியது, ஊர் மட்டும் வரவில்லை. ஒரே ஒரு மாணவர், துறைமுகம் கட்டப்பட்ட பிறகு ஒலுவிலில் கடல் உள்ளே வந்ததையும், தனது மாமாவின் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுந்ததையும், தோணிகளை இழுத்து வைக்க இடமில்லாமல் போனதையும் எட்டு வசனங்களில் எழுதியிருந்தார். அதில் இலக்கணப் பிழைகள் நாலைந்து இருந்தன. இருந்தாலும் அவருக்கு எது வருகிறது, எது வரவில்லை என்பதை அந்த எட்டு வசனங்களும் எனக்குத் துல்லியமாகக் காட்டின. ஓசோன் எழுதியவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவரவில்லை.

பிரச்சினை அங்கே முடிவதுமில்லை. மனப்பாடம் செய்த கட்டுரை கேட்ட தலைப்போடு தற்செயலாகப் பொருந்திவிட்டால் அதுதான் பெரிய ஆபத்து. பிள்ளை மேல்மட்ட வகுப்புக்குப் போய்விடுகிறது. அங்கே வசன அமைப்பை யாரும் மீண்டும் முதலிலிருந்து கற்பிப்பதில்லை. அறிக்கை எழுதுவது, கட்டுரையொன்றை வாசித்துச் சுருக்குவது, முன்வைப்புச் செய்வது என்று வகுப்பு வேகமாக நகரும். அப்படி வந்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். உயர்தரத்தில் இரசாயனவியலில் மிகச் சிறந்த பெறுபேறு எடுத்தவர். முதலாம் வருடப் பரீட்சையில், தாக்கம் ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்கச் சொன்ன வினாவுக்குச் சமன்பாட்டை மட்டும் எழுதிவிட்டு வந்தார். “விடை தெரியும் மிஸ், எழுத வரல்ல” என்றார். கீழ் வகுப்பில் இருந்திருந்தால் அந்த விளக்கத்தை எழுதுவதற்கான பயிற்சி வாரத்தில் கூடுதலான மணித்தியாலங்கள் அவருக்குக் கிடைத்திருக்கும்.

பதின்மூன்று வருடங்கள் தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை, மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் என்று எதற்குப் போனாலும் ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்குள் தள்ளப்படுகிறது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் புள்ளி இசட் புள்ளியில் சேர்வதில்லை. சேராத பாடத்துக்கு நமது பாடசாலைகளிலும் டியூசன் வகுப்புகளிலும் என்ன இடம் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். எனவே இந்தப் பரீட்சையில் குறைந்த மட்டம் கிடைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டு அதனை மறைப்பதுதான் நட்டம்.

அப்படியானால் தயாராகவே தேவையில்லையா? தேவை. தயாராவது என்பது இங்கே, உங்களிடம் ஏற்கனவே இருக்கும் ஆங்கிலத்தைத் துரு எடுத்து வைப்பது. உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்க ஒரு வருடத்துக்கும் மேலாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் பேனையால் ஓர் ஆங்கில வசனம்கூட எழுதாமல் வருபவர்களே அதிகம். தெரிந்ததும் மறந்துபோன நிலையில் எழுதினால் உங்கள் உண்மையான மட்டத்தை விடக் கீழே போய்விடுவீர்கள். அதுவும் சரியான இடமல்ல.

வினாத்தாளின் அமைப்பு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பீடத்துக்குப் பீடம் மாறும். பொதுவாக ஒரு வாசிப்புப் பகுதி, கொஞ்சம் இலக்கணம், இறுதியில் ஒரு பந்தி அல்லது சிறு கட்டுரை என்று இருக்கும். நான் இங்கே பேசுவது அந்த இறுதிப் பகுதியைப் பற்றித்தான். ஏனெனில் சரியான விடைக்குக் கோடிடும் வினாவில் ஊகித்துத் தப்பலாம். எழுத்தில் அது முடியாது.

திருத்துபவர் என்ன பார்க்கிறார்? மாணவர்களிடம் கேட்டால் ‘நல்ல நல்ல சொற்கள்’ என்பார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் இதே தேவைக்காக ‘ரைட்பிளேசர்’ என்றொரு பரீட்சை இருக்கிறது. 300 முதல் 600 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். 1 முதல் 8 வரை புள்ளி. அதில் பார்க்கப்படுபவை ஆறு. கட்டுரையின் நோக்கம் தெளிவா, ஒழுங்கு இருக்கிறதா, கருத்தை விரித்து உதாரணம் காட்டியிருக்கிறாரா, வசனங்கள் எப்படி அமைந்திருக்கின்றன, எழுத்தும் நிறுத்தக்குறியும் சரியா, சிந்தனை இருக்கிறதா என்பவையே அவை. ‘கடினமான சொற்கள்’ என்று தனியாக ஒன்று அதில் இல்லை. வெளிநாடு செல்வோர் எழுதும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்கு புள்ளி உண்டு. ஆனால் அங்கும் சொல் பொருத்தமான இடத்தில் வந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். நமது பரீட்சைகளும் ஏறத்தாழ இப்படித்தான். நான் முதல் தடவை வாசிக்கும்போது கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: இவர் சொல்ல வந்தது எனக்கு விளங்குகிறதா? இரண்டாம் தடவைதான் வசனங்களைப் பார்க்கிறேன்.

வசனம் என்று வரும்போது, தமிழ் பேசும் பிள்ளைகள் விடும் பிழைகளில் பெரும்பகுதி நாலைந்து இடங்களில்தான் நடக்கிறது. இவை அறிவுக் குறைவால் வருவதில்லை. தமிழ் ஒழுங்காகத் தெரிந்ததால் வருபவை. அதனால்தான் இவற்றைத் தெரிந்துகொண்டு திருத்துவதும் இலகு.

தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்றால் அது முழு வசனம். வினைச்சொல் தேவையில்லை. அதே பழக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் ‘ஹி டீச்சர்’ என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் எ டீச்சர்’ என்று வந்தே ஆக வேண்டும். இன்னொன்று, தமிழில் ‘நேற்று வந்தேன்’ என்றால் வந்தது நான்தான் என்பதை ‘ஏன்’ என்ற விகுதியே சொல்லிவிடும். ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் இல்லை. ஆகவே எழுவாயை எழுதாமல் விட முடியாது. ‘மழை பெய்தது’ என்பதற்குக்கூட ‘இட்’ என்று ஒன்றை முன்னால் வைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வசனத்திலும் யார், என்ன செய்தார் என்ற இரண்டும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாலே விடைத்தாளின் பாதிச் சிவப்பு மை குறைந்துவிடும்.

அடுத்தது வசனத்தின் நீளம். ‘காலையில் எழும்பி, தொழுதுவிட்டு, சாப்பிட்டு, பஸ்ஸில் ஏறி, பாடசாலைக்குப் போய்ப் படித்தேன்’ என்று தமிழில் மூச்சு விடாமல் சொல்லலாம். எச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினையில் முடிக்கலாம். அது தமிழுக்கு அழகு. அதனையே ஆங்கிலத்தில் செய்யப்போய், ‘அண்ட்’ போட்டுப் போட்டு ஒரு பந்தி முழுவதையும் ஒரே வசனமாக எழுதுகிறார்கள். நடுவில் காலம் மாறிவிடும்; எழுவாய் தொலைந்துவிடும். பத்து அல்லது பன்னிரண்டு சொற்களில் முற்றுப்புள்ளி வையுங்கள். சிறிய வசனம் சின்னப்பிள்ளைத்தனம் என்று யாரோ நமது மாணவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிழையில்லாத ஆறு சொல் வசனத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பை, சிக்கிக்கொண்ட நாற்பது சொல் வசனத்துக்குக் கொடுக்க முடியாது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் தமிழ் எழுத்தில் இல்லை. ஆகவே ஊர்ப் பெயர், ஆட்பெயர், மாதப் பெயர், வசனத்தின் தொடக்கம் எல்லாமே சிறிய எழுத்தில் வருகின்றன. இது சிறிய விடயம்தான். ஆனால் முதல் பார்வையிலேயே கண்ணில் படும்.

கடைசியாக ‘எ’, ‘த’ என்ற இரண்டு சிறு சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேரான சொல் இல்லாததால் பலர் இவற்றை உப்புத் தூவுவது போல அங்கங்கே தூவிவிடுகிறார்கள். இங்கே மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதனை அவர்கள் பயன்படுத்துவதைத்தான் காணோம். அரபியில் ‘ரஜுலுன்’ என்றால் யாரோ ஒரு மனிதர். ‘அர்ரஜுலு’ என்றால் நீங்களும் நானும் அறிந்த அந்த மனிதர். ஆங்கிலத்தில் ‘எ மேன்’, ‘த மேன்’ என்பதும் ஏறத்தாழ இதே வேறுபாடுதான். முதலாம் வருட நஹ்வுப் பாடத்தில் படித்ததை நினைவூட்டினால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: அரபியில் வாழ்க்கையைப் பொதுவாகச் சொல்லும்போதும் ‘அல்ஹயாத்’ என்று ‘அல்’ வரும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘த’ வராது. ‘லைஃப்’ என்று மட்டும்தான். இல்லாவிட்டால், ‘த லைஃப் இஸ் ஷோர்ட்’ என்று எழுதி, அரபி படித்தவர் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடுவீர்கள். அரபியிலும் ‘ஹுவ முதர்ரிஸுன்’ என்று வினையில்லாமலே வசனம் முடிவதால், ‘இஸ்’ விடும் பிழை மத்ரஸா மாணவர்களுக்கு இரட்டிப்பாக வருகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பந்தியின் அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. நமது மேடைப்பேச்சிலும் கட்டுரையிலும் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில்தான் விடயத்துக்கு வருவோம். ஆங்கிலப் பந்தியில் சொல்ல வந்ததை முதல் வசனத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு ஏன், எப்படி, உதாரணம் என்று போகலாம். ‘எங்கள் ஊரின் பெரிய பிரச்சினை குப்பை’ என்று தொடங்கினால், இரண்டாவது வசனம் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று சொல்லட்டும். மூன்றாவது, அதனால் யாருக்கு என்ன நடந்தது என்று சொல்லட்டும். நீங்கள் கண்ணால் கண்டதை எழுதினால் சொல் தானாக வரும். ஏனெனில் அதற்குத் தேவையான சொற்கள் பெரும்பாலும் ஆறாம், ஏழாம் வகுப்புச் சொற்கள்தான்.

பயிற்சிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. சாதாரண தர ஆங்கில வினாத்தாள்களின் இறுதியில் வரும் எழுத்து வினாக்களே போதும். பழைய வினாத்தாள்கள் வீட்டில் தம்பி, தங்கையிடம் இருக்கும். ஒரு கொப்பி எடுத்து, நாளைக்கு ஒரு பந்தி, இருபது நிமிடம், பேனையால் எழுதுங்கள். கையடக்கத் தொலைபேசியில் தட்டச்சு செய்வது வேறு. அது எழுத்தைத் தானாகத் திருத்தித் தருகிறது, பெரிய எழுத்தையும் தானாகப் போட்டுவிடுகிறது. பரீட்சை மண்டபத்தில் அந்த உதவி இராது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலான நேரம் இதற்குப் போதும்.

நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்லும் இன்னொரு முறையும் இருக்கிறது. ‘டெய்லி நியூஸ்’ போன்ற ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சிறிய செய்தியை வாசியுங்கள். இரண்டு தடவை போதும். பத்திரிகையை மூடிவிட்டு அந்தச் செய்தியை உங்கள் சொந்த வசனங்கள் ஐந்தில் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் ‘த’ போட்ட இடத்தில் நீங்கள் போட்டீர்களா? இறந்தகாலத்தில் எழுதினார்களா? ஆசிரியர் இல்லாத வீட்டில் இதைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைக்காது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்துவோர், முதலில் தாங்களே எழுதிவிட்டு, ‘எங்கே பிழை, ஏன் பிழை’ என்று மட்டும் கேளுங்கள். ‘எழுதித் தா’ என்று கேட்டால் அது போட்டோ கொப்பி விற்பவருக்குப் பதிலாக வந்த இன்னொரு வியாபாரிதான், இலவசம் என்பது மட்டுமே வித்தியாசம்.

எழுதிய கொப்பியின் பின்பக்கத்தில் உங்கள் பிழைகளை மட்டும் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு விடயம் தெரியவரும். நீங்கள் நூறு வகையான பிழை விடுவதில்லை. ஒரே மூன்று பிழையைத்தான் நூறு தடவை விடுகிறீர்கள். அந்த மூன்றும் எவை என்று தெரிந்துகொண்டு பரீட்சைக்குப் போகும் பிள்ளை, கட்டுரை மனப்பாடம் செய்தவரைவிட நன்றாகத் தயாரான பிள்ளை.

பரீட்சை நாளில் வினாவை இரண்டு தடவை வாசியுங்கள். ‘ஒரு பிரச்சினை’ என்று கேட்டால் ஒன்றைத்தான் எழுத வேண்டும், ஐந்தையல்ல. முதல் ஐந்து நிமிடத்தில் வினாத்தாளின் ஓரத்தில் மூன்று குறிப்பு போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் போட்டாலும் பரவாயில்லை. கடைசி ஐந்து நிமிடத்தை மீதம் வைத்து வினைச்சொல், எழுவாய், பெரிய எழுத்து ஆகிய மூன்றை மட்டும் சரிபாருங்கள். கேட்ட சொற்களைவிட இரண்டு மடங்கு எழுதுவதால் நன்மையில்லை, பிழை கூடும்.

வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள். ஒவ்வொரு வருடமும் அப்படிச் சிலர் போகிறார்கள், பெரும்பாலும் பின்வரிசையில் இருக்கும் பெண்பிள்ளைகள். பிழையாக எழுதினால் யாராவது சிரிப்பார்கள் என்ற பயம். விடைத்தாளைப் பார்ப்பது நாங்கள் மட்டும்தான். யாரும் சிரிப்பதில்லை. நான்கு பிழையான வசனங்களிலிருந்து ஒரு பிள்ளைக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியும். வெறும் தாளில் எதைத் தேடுவது?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெறுபேறு வந்ததும் சில வாப்பாமார் தொலைபேசியில் அழைக்கிறார்கள். “சேர்ட மகனும் மேல் வகுப்பில, எங்கட பிள்ளைய மட்டும் ஏன் கீழ போட்டீங்க? கொஞ்சம் பார்த்துச் செய்ய ஏலாதா?” என்கிறார்கள். அவர்களது அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனால் கீழ் வகுப்பு என்பது கூடுதல் கற்பித்தல் கிடைக்கும் இடம். பிள்ளை முதல் சில வாரங்களில் நன்றாகச் செய்தால், மட்டத்தை மாற்றுவதற்கு வழி இருக்கிறதா என்று ஆங்கில அலகில் கேட்டுப் பார்க்கலாம். அதனைப் பிள்ளையே நேரில் போய்க் கேட்பது நல்லது. போகும்போது அந்தப் பயிற்சிக் கொப்பியையும் கையில் கொண்டு போகட்டும். சிபாரிசுக் கடிதத்தைவிட அது எங்களுக்கு அதிகம் சொல்லும்.